குடிநோய்க் கணக்கு: எந்த வரையறையால் எண்ணப்பட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் போதை மீட்புப் பிரிவில் மனநல சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். குடிநோயாளிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிட்டது, இத்தனை விழுக்காடு ஏறிவிட்டது என்று நாளிதழ்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் சொல்லப்படும்போது, அந்த எண் எந்த வரையறையைக் கொண்டு எண்ணப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அந்த வரி இல்லாமல் அந்த எண்ணை வாசிக்கவே முடியாது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் போதைப்பொருள் பயன்பாடு மற்றும் உடல்நலத்துக்கான தேசியக் கணக்கெடுப்பு, 2019இல் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 1.45 கோடிப் பேருக்கு மதுப் பயன்பாட்டுக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அது மக்கள்தொகையில் 5.3 விழுக்காடு. அடுத்த ஆண்டே, 2020இல், அதே கணக்கெடுப்பு 2.83 கோடி என்றும் 10.2 விழுக்காடு என்றும் சொன்னது. அது கொரோனா ஆண்டு. வீட்டுக்குள் அடைபட்டிருந்த மக்கள் குடிக்கு அடிமையாகி எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டது என்று நினைக்க யாருக்கும் தோன்றும். உண்மையில் அந்த ஆண்டில்தான் அந்தக் கணக்கெடுப்பு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.மின் நான்காம் பதிப்பைக் கைவிட்டு ஐந்தாம் பதிப்புக்கு மாறியது. மார்ச் மாதத்தில் வீடு வீடாகச் சென்று கேட்பதும் நின்றுபோய், பின்னர் இணையவழியில் கேட்கத் தொடங்கினார்கள். முந்தைய ஆண்டுகளோடு இந்த எண்ணை ஒப்பிட வேண்டாம் என்று கணக்கெடுப்பை நடத்திய அரசு முகமையே எச்சரித்திருந்தது. மரக்காலைச் சிறிதாக்கி அளந்தால் அதே களத்து நெல் கூடுதல் மரக்காலாகத்தான் தெரியும்.

இதனால் அந்த ஆண்டில் குடியால் வந்த கேடு கூடவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடத்தான் செய்தது. மது தொடர்பான இறப்புகள் 2019இல் 78,927ஆக இருந்து 2020இல் 99,017ஆக உயர்ந்தன. இறப்புச் சான்றிதழில் எழுதப்படும் நோய்க் குறியீடு இரண்டு ஆண்டுகளிலும் ஒன்றே என்பதால் இந்த ஒப்பீட்டை நம்பலாம்: ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்வு. ஒரே ஆண்டில் நாலில் ஒரு பங்கு இறப்பு கூடுவது பெருந்துயரம். அதைச் சொல்வதற்கு, வரையறை மாறியதால் இரட்டிப்பான இன்னொரு எண்ணைத் துணைக்கு அழைக்கத் தேவையே இல்லை.

வரையறையில் மாறியது என்ன என்பதைச் சொல்கிறேன். 1980இல் வந்த மூன்றாம் பதிப்பு, மதுவைத் தவறாகப் பயன்படுத்துதல், மதுச் சார்பு (அதாவது மதுவை விட முடியாமல் அதற்கு அடிமையாகிவிட்ட நிலை) என்று இரண்டு தனித்தனி நோய்ப்பெயர்களை வைத்தது. 1994இன் நான்காம் பதிப்பில் முதலாவதற்கு நான்கு அடையாளங்கள் இருந்தன: வீட்டிலும் வேலையிலும் கடமை தவறுதல், ஆபத்தான சூழலில் குடித்தல், காவல்துறை, நீதிமன்றம் என்று அலைய நேர்தல், உறவுகளில் சண்டை சச்சரவு. இவற்றுள் ஒன்று இருந்தாலே போதும், நோய்ப்பெயர் எழுதலாம். சார்புக்கோ ஏழு அடையாளங்கள். அவற்றில் மூன்று இருக்க வேண்டும். 2013 மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. காவல்துறைத் தொல்லை என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு, குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத வேட்கையைச் சேர்த்தது. மொத்தம் பதினொன்று, ஓராண்டுக்குள் இரண்டு இருந்தால் நோய். இரண்டு மூன்று என்றால் லேசானது, நான்கு ஐந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமையானது.

இது ஆட்களை எப்படி இடம் மாற்றுகிறது என்று பாருங்கள். எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு கட்டட மேஸ்திரி முன்பு ஒரு குவார்ட்டரில் தூங்கிவிடுவார். பிறகு அவருக்கு இரண்டு தேவைப்பட்டது. குறைக்க வேண்டும் என்று மூன்று முறை முயன்று முடியாமல் விட்டவர். வேலைக்குத் தவறாமல் போனார், வீட்டில் சண்டை இல்லை, வண்டி ஓட்டத் தெரியாது. பழைய பதிப்பின்படி சார்பு அடையாளங்களில் அவருக்கு இரண்டுதான் உண்டு, மூன்றாவது இல்லை, தவறான பயன்பாட்டு அடையாளம் ஒன்றுகூட இல்லை. ஆகவே நோய்ப்பெயரும் இல்லை. இப்படிப்பட்டவர்களை ஆய்வாளர்கள் நோயறிதலில் அநாதைகளாக விடப்பட்டவர்கள் என்றே அழைத்தார்கள். புதிய பதிப்பில் இவர் லேசான கோளாறு உள்ளவர். இதற்கு நேர்மாறாக, வார இறுதியில் நண்பர்களோடு குடித்துவிட்டு இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும் இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எந்தத் தொந்தரவும் அவருக்கு இல்லை. பழைய பதிப்பில் ஆபத்தான சூழலில் மீண்டும் மீண்டும் குடித்தது ஒன்றே போதும், அவர் நோயாளி. புதிய பதிப்பில் ஒற்றை அடையாளம் போதாது. அவர் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்.

ஆகவே ஒரு நாட்டில் மேஸ்திரிகள் மிகுதியா, அந்த இளைஞர்கள் மிகுதியா என்பதைப் பொறுத்தே, பதிப்பு மாறும்போது விகிதம் ஏறுவதும் இறங்குவதும் இருக்கிறது. 2012-13இல் அமெரிக்காவில் நடந்த மதுக் கோளாறுகள் பற்றிய பெரிய ஆய்வொன்றில், அதே மனிதர்களின் அதே பதில்களை இரண்டு பதிப்புகளின்படியும் கணக்கிட்டார்கள்: பழையதன்படி 12.7 விழுக்காடு, புதியதன்படி 13.9. பத்தில் ஒரு பங்கு உயர்வுகூட இல்லை. ஆஸ்திரேலியாவின் 2007ஆம் ஆண்டு தேசிய மனநலக் கணக்கெடுப்பின் பதில்களை, ஐந்தாம் பதிப்பின் வரைவைக் கொண்டு இதே முறையில் கணக்கிட்டபோதோ 6.0 விழுக்காடு 9.7 ஆயிற்று, அறுபது விழுக்காட்டுக்கு மேல் உயர்வு. ஒரே திருத்தம் இரண்டு நாடுகளில் இவ்வளவு வேறுபட்ட விளைவைத் தந்திருக்கிறது. நம் நாட்டில் அது என்ன செய்யும் என்பதை வேறு எந்த நாட்டின் எண்ணைக் கொண்டும் ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

காவல்துறைத் தொல்லை என்ற அடையாளத்தை எடுத்துவிட்டது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். அது குடிப்பவரின் உடல்நிலையைக் காட்டுவதைவிட, அவர் வாழும் ஊரின் சட்டத்தையே மிகுதியாகக் காட்டியது. பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு. குஜராத்தில் மாநிலம் உருவான 1960இலிருந்தே மதுவிலக்கு. பாட்னாவில் ஒருவர் குடிக்கும் அதே அளவைப் புதுச்சேரியில் ஒருவர் குடித்தால், முன்னவர் மட்டும் இரண்டு முறை பிடிபட்டுப் பழைய பதிப்பின்படி நோயாளியாகிவிடுவார். சட்டசபை ஒரு நாள் மாலையில் நிறைவேற்றும் சட்டத்தால் மறுநாள் காலையில் குடிநோயாளிகளின் விகிதம் மாறுமானால், அந்த அளவுகோலில் ஏதோ பிழை இருக்கிறது என்றுதானே பொருள்.

வரையறை காகிதத்தில் இருப்பது வேறு, அது கேள்வியாக ஒருவர் முன் வைக்கப்படுவது வேறு. நான் ஆயிரக்கணக்கான முறை கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "நினைத்த அளவைவிட அதிகமாகக் குடித்துவிட்டோமே என்று ஆனதுண்டா?" பலர் ஆமாம் என்பார்கள். ஆனால் மிக மோசமான நிலையில் வந்தவர்களில் ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் எங்க சார் அளவு நெனச்சுக் குடிச்சேன்?" என்றார். அளவு வைத்துக்கொள்ளும் பழக்கமே இல்லாதவரால் அளவை மீற முடியாது. படிவத்தின்படி அந்தக் கட்டத்தில் நான் ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். எப்போதாவது இரண்டு கோப்பையோடு நிறுத்த நினைத்து மூன்றாவது குடித்துவிட்ட கல்லூரி மாணவருக்கோ ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும்.

நிறுத்த முயன்றதுண்டா என்ற கேள்வியும் இப்படித்தான். "வருஷா வருஷம் மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் தொட மாட்டேன் சார், மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டினா அன்னிக்கே ஆரம்பிச்சிடுவேன்" என்று சொல்பவர்கள் எங்கள் பிரிவுக்கு ஆண்டுதோறும் வந்தார்கள். இது தன்னைக் கட்டுப்படுத்த முடிந்ததற்குச் சான்றா, முடியாமல் போனதற்குச் சான்றா? என்னோடு வேலை பார்த்த இருவர் ஒரே மனிதருக்கு இந்தக் கட்டத்தில் வெவ்வேறு விடை குறித்ததை நான் பார்த்திருக்கிறேன்; இருவருமே அனுபவம் உள்ளவர்கள். புதிதாகச் சேர்ந்த வேட்கைக்கும் இதே சிக்கல்தான். "கடுமையான வேட்கை ஏற்படுகிறதா?" என்று கேட்டால் புரியாமல் விழிப்பார்கள். "சாயங்காலம் ஆறு மணியானா கால் தானா கடைப் பக்கம் போகுதாண்ணே?" என்று கேட்டால், "ஆமா, அது போகும்" என்பார்கள். கேட்கும் சொல் மாறினால் விடை மாறுகிறது. இரண்டு அடையாளமே போதும் என்ற வரையறையில் ஒரு விடை மாறுவது ஒரு நோயாளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்துவிடும்.

கேள்விகளின் வரிசைகூட விகிதத்தை மாற்றும். அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரையிலான காலத்தில் இரண்டு தேசிய ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே நான்காம் பதிப்பின்படி நடந்தன. ஓராண்டுக்குள் மதுச் சார்பு உள்ளவர்கள் ஓர் ஆய்வில் 3.8 விழுக்காடு, மற்றதில் 1.3 விழுக்காடு. இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம், இரண்டாவது ஆய்வில் தவறான பயன்பாட்டுக்கான கேள்விகளை முதலில் வைத்து, அவற்றில் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றவர்களிடம் மட்டுமே சார்புக் கேள்விகளைக் கேட்டது. தவறான பயன்பாட்டின் அடையாளம் ஒன்றும் இல்லாமலே சார்பு நிலையில் இருப்பவர்கள் கணிசமானவர்கள் என்பதும், அவர்களில் பெண்களின் பங்கு கூடுதல் என்பதும் பிறகு தெரியவந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஓர் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. துப்புரவுப் பணியாளர், கழிவின் நாற்றத்தைத் தாங்க வேலை முடிந்ததும் குடிக்கத் தொடங்கி, பல ஆண்டுகளாக நிறுத்த முடியாமல் இருந்தவர். தனியாக வசித்ததால் வீட்டில் சண்டையில்லை. வண்டியில்லை. காவல்நிலையத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஒரு நாளும் வேலைக்குத் தவறியதில்லை. தவறினால் கூலி போய்விடும். முதல் பக்கத்தின் நான்கு கேள்விகளுக்கும் அவர் சொன்னது ‘இல்லை’. அந்த ஆய்வின் விதிப்படி நான் அங்கேயே படிவத்தை மூடியிருக்க வேண்டும். ஆனால் நான் கொடுத்த தேநீர் டம்ளரை அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டும் தேநீர் தளும்பிக் கீழே சிந்தியது. "காலைல கொஞ்சம் உள்ள போனாத்தான் தம்பி கை நிக்கும்" என்றார். மருத்துவர் அவரை அன்றே சேர்த்துக்கொண்டார். கணக்கெடுப்பாளர் ஒருவர் அவர் வீட்டுக்குப் போயிருந்தால் அவர் ஆரோக்கியமானவராகப் பதிவாகியிருப்பார்.

வரையறை மாறாமலிருந்தாலும் கூட இரண்டு கணக்கெடுப்புகள் எதிரெதிர்த் திசையில் போகக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன பெரிய ஆய்வு, 2001-02க்கும் 2012-13க்கும் இடையில் அமெரிக்கப் பெரியவர்களிடையே மதுக் கோளாறு 8.5 விழுக்காட்டிலிருந்து 12.7 விழுக்காடாக ஏறியதாகச் சொன்னது. ஆண்டுதோறும் நடக்கும் கணக்கெடுப்போ, 2002இல் 7.7 விழுக்காடாக இருந்தது 2013இல் 6.6 ஆகக் குறைந்ததாகச் சொன்னது. இரண்டுமே நான்காம் பதிப்பைத்தான் பின்பற்றின. பின்னதில் 12 வயதினரும் சேர்த்தி என்பது அளவில் உள்ள வேறுபாட்டை ஓரளவு விளக்கலாம். ஒன்று ஏறுவதையும் மற்றது இறங்குவதையும் விளக்காது. முதல் ஆய்வின் இரண்டு கட்டங்களுக்கும் இடையில் கேள்வி கேட்கப்போன நிறுவனம் மாறியது. பதில் சொல்ல இசைந்தவர்களின் விகிதம் 81 விழுக்காட்டிலிருந்து சுமார் 60 ஆகச் சரிந்தது. வயிற்றைக் கலக்கும் உயர்வு என்று தலைப்பு போடுவதற்கு முன் இவற்றைப் பார்த்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 18 வயது நிரம்பியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மதுக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாடும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பு, 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது குடிப்பதாகவும், 5.2 விழுக்காட்டினர், சுமார் 5.7 கோடிப் பேர், கேடு தரும் அளவிலோ சார்பு நிலையிலோ இருப்பதாகவும், 2.7 விழுக்காட்டினர் சார்பு நிலையில் இருப்பதாகவும் சொன்னது. 4.6இலிருந்து 5.2க்கு ஏறிவிட்டது என்று இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வயது வரம்பு வேறு, மாநிலங்கள் வேறு, கேள்வித்தாள் வேறு. ஒன்றில் பள்ளிச் சிறுவர்களும் பகுதியெண்ணில் இருக்கிறார்கள், மற்றதில் இல்லை. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே கோடு போட்டு இணைக்க எந்த நியாயமும் இல்லை.

இனி வரப்போகும் மாற்றம் இன்னும் பெரியது. நம் மருத்துவமனைகள் பின்பற்றும் உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.யின் பத்தாம் திருத்தத்தில் ஆறு அடையாளங்களில் மூன்று இருந்தால் சார்பு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் திருத்தத்தில், கட்டுப்பாடு இழத்தல், வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதுவே முன்னுரிமை பெறுதல், உடல் அதற்குப் பழகிப்போதல் என்று மூன்று கூறுகளாகத் தொகுத்து, அவற்றில் இரண்டு போதும் என்கிறார்கள். அமெரிக்கக் கையேடு சார்பைத் தனிப்பெயராக வைப்பதைக் கைவிட்டபோது, உலக சுகாதார அமைப்பு அதை விடாமல் வைத்திருக்கிறது. இதனால் எந்தப் புத்தகத்தின்படி எண்ணினோம் என்ற கேள்வி முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

இது வெறும் புள்ளிவிவரச் சண்டை என்று சிலர் நினைக்கலாம். படுக்கைகளையும் மருத்துவர்களையும் ஒதுக்குவது இந்த எண்களை வைத்துத்தான். நிம்ஹான்ஸ் கணக்கெடுப்பு, மதுக் கோளாறு உள்ளவர்களில் 86 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது. ஓர் ஊரில் நூறு நோயாளிகள், அவர்களில் 14 பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரையறையைத் தளர்த்தி, சிகிச்சையை நாடாத லேசான கோளாறு உள்ள இன்னொரு நூறு பேரைச் சேர்த்தால், இடைவெளி 93 விழுக்காடாகிவிடும். ஒரு மருத்துவமனையும் மூடப்படவில்லை, ஒரு மருத்துவரும் விலகவில்லை, ஆனால் நிலைமை மோசமாகிவிட்டதாகக் காகிதம் சொல்லும். அதைக் கண்டு அரசு விழிப்புணர்வுப் பேரணிகளுக்குப் பணம் ஒதுக்கினால், கை நடுங்கி வாசலில் நிற்பவருக்கான படுக்கை அப்படியே பற்றாக்குறையாகத்தான் இருக்கும். சார்பு நிலையில் இருப்பவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாக எய்ம்ஸ் கணக்கெடுப்பு சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த எண் கடுமையான நிலையில் உள்ளவர்களைத் தனியே பிரித்துச் சொன்னதால்தான் அது பயன்படுகிறது.

லேசான கோளாற்றை எண்ணவே கூடாது என்பது என் கருத்தன்று. அந்த மேஸ்திரியிடம் அப்போதே யாராவது உட்கார்ந்து அரை மணி நேரம் பேசியிருந்தால் அவர் பின்னாளில் எங்கள் படுக்கைக்கு வந்திருக்க மாட்டார் என்று இன்றும் நம்புகிறேன். அவரையும் அந்தத் துப்புரவுப் பணியாளரையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் குலுக்கி, ஒரே தலைப்பில் அச்சிடுவதைத்தான் மறுக்கிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள், குடிநோய் விகிதம் எதையும் வெளியிடும்போது எந்த வரையறை, எந்த வயதினர், எந்த ஆண்டு, சார்பு அல்லது கடுமையான நிலையில் உள்ளவர்கள் தனியே எத்தனை பேர் என்பதையும் அதே செய்தியில் சேர்த்து அச்சிடுங்கள் என்பதே. வரையறை மாறிய ஆண்டை இடையில் வைத்து வரைபடம் போட நேர்ந்தால், அந்த இடத்தில் கோட்டைத் துண்டித்துக் காட்டுங்கள்.

அடுத்த தேசியக் கணக்கெடுப்பைத் திட்டமிடுபவர்களுக்கும் தங்கள் பக்கத்தின் வழியாகவே சொல்லிக்கொள்கிறேன். அடையாளம் ஒவ்வொன்றுக்கும் விடையைத் தனித்தனியே பதிவு செய்யுங்கள். அப்படிச் செய்தால் அதே மக்களின் அதே பதில்களிலிருந்து பழைய வரையறையின் விகிதத்தையும் புதிய வரையறையின் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கணக்கிட்டு வெளியிட முடியும். கேள்விகளை அந்தந்த வட்டாரப் பேச்சில் எழுதி, களத்துக்குப் போகும் முன் குடிநோயாளிகளிடமே வாசித்துக் காட்டித் திருத்துங்கள். முதல் பக்கத்தின் எல்லாக் கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று சொன்னவரிடமும், அவர் குடிப்பவராக இருந்தால், இரண்டாம் பக்கத்தையும் புரட்டிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநல சமூகப் பணியாளர்,
மதுரை.